எட்டு மாதமாகியும் வயலின் கீச்சிடுகிறது, ஸ்வரம் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்ய வேண்டும்?

காரைக்குடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 38, வயலின் தொடங்கி எட்டு மாதம். வாரத்தில் ஒரு வகுப்பு நேரில், இன்னொன்று வீடியோ அழைப்பில். வேலை நாட்களில் வில்லைத் தொட முடியாததால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுகிறீர்கள். ஆரம்பப் பயிற்சிகளில் சரளியும் ஜண்டையும் முடிந்து அலங்காரத்துக்கு வந்தாயிற்று. ஆனாலும் ஸ்வரம் இடத்தில் நிற்கவில்லை, வில் கீச்சிடுகிறது, ஆச்சி எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். எத்தனை மணி நேரம் வாசித்தால் சரியாகும், விரல் வைக்கும் இடம் தெரிய விரல்பலகையில் கோடு ஒட்டலாமா, வேறு வயலின் வாங்கலாமா என்பவை கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் படித்தால், இவ்வளவு உழைத்தும் அது எங்கே போகிறது என்பதுதான் நீங்கள் கேட்பது. மணிக்கணக்கை அதற்குப் பிறகு பேசலாம். நீங்கள் வாசிப்பதைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்தே படியுங்கள். எந்தத் தவறு எந்த ஒலியைத் தரும் என்று இங்கே சொல்ல முடியும். அதில் உங்கள் கையில் இருப்பது எது என்று குருவின் கண்தான் சொல்ல வேண்டும்.

ஸ்வரம் நிற்கவில்லை என்றதும் எல்லோரும் இடது கையைத்தான் சந்தேகிக்கிறார்கள். எட்டு மாத மாணவர்களிடம் பெரும்பாலும் குற்றவாளி வலது கை. வில் தந்தியைச் சரியாகப் பிடிக்காவிட்டால், விரல் சரியான இடத்தில் இருந்தும் ஒலி மங்கும் அல்லது பிசகும். காது அதை அபஸ்வரம் என்று எடுத்துக்கொள்ளும். உடனே விரலை நகர்த்துவீர்கள், சரியாக இருந்த இடமும் போய்விடும். அதனால் முதலில் வில்லைச் சரிசெய்யுங்கள். அதுவரை விரல் பிழைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வில்லின் ஒலியைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள், எவ்வளவு எடை வைக்கிறீர்கள், குதிரைக்கும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) விரல்பலகை முனைக்கும் நடுவில் எந்த இடத்தில் தொடுகிறீர்கள். வேகம் அதிகமாகி எடை குறைந்தால் விசில் மாதிரி ஒரு கீச்சு வரும். முதல் தந்தி மெல்லியது என்பதால் அதில்தான் இது அதிகம் கேட்கும். வேகம் குறைந்து எடை கூடினால் தொண்டை கட்டினாற்போல் கரகரக்கும். குதிரைக்கு மிக அருகில் போனால் உலோகச் சத்தம், விரல்பலகை மேல் ஏறிவிட்டால் காற்று கலந்த வெற்று ஒலி. உங்களுக்கு வருவது கீச்சா, கரகரப்பா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது. கீச்சுக்கு வேகத்தைக் குறைத்து ஆள்காட்டி விரலின் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். கரகரப்புக்கு எடையை எடுத்துவிட்டு வில்லை ஓட விட வேண்டும். தந்தி மாறும் இடத்தில் மட்டும் கீச்சு வருகிறது என்றால், முழங்கை மட்டம் மாறுவதற்கு முன்பே வில் கிளம்பிவிடுகிறது என்று பொருள்.

வில் நேராகப் போகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. தந்திகளைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் உங்கள் வழக்கப்படி வாசியுங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தந்திகளைச் சாய்த்துப் பாருங்கள். வில்லின் முடியில் தேய்க்கும் பிசினான ரோசினின் பொடி வெள்ளையாக ஒட்டியிருக்கும். குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவே ஏறக்குறைய 5 முதல் 6 செ.மீ. இடம் உண்டு. அதில் பொடி ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. அகலத்துக்குள் பட்டையாக இருந்தால் உங்கள் வில் நேர். முழு இடத்திலும் பரவி விரல்பலகை முனை வரை வெளுத்திருந்தால் வில் அலைகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வில் நுனியை நெருங்கும்போது முழங்கையை முன்னால் நீட்டாமல் உடம்புக்குப் பின்னால் இழுப்பது. சம்மணமிட்டு, வலது காலைச் சற்று முன்னால் விட்டு, வயலினின் தலையைக் கணுக்கால் மேல் சாய்த்து உட்காரும்போது நம் கண்ணுக்கு இந்தக் கோணல் தெரியாது. போனை வலது பக்கமாகத் தரைக்கு ஓர் அடி உயரத்தில் வைத்து இரண்டு நிமிடம் படம் எடுத்தால் தெரிந்துவிடும்.

திருத்துவதற்கு வழி நீண்ட வில். வெறும் தந்தியில், விரலே வைக்காமல், கைப்பிடியில் இருந்து நுனி வரை ஒரே சீராக. நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, முதலில் ஒரு வில்லுக்கு 4 எண்ணிக்கை. அது ஆடாமல் வந்தபின் 6, பிறகு 8, அதாவது ஒரு ஆதி தாள ஆவர்த்தனம் முழுக்க ஒரே வில். 8 எண்ணிக்கை கேட்பதற்கு எளிது. வாசித்துப் பார்த்தால் ஐந்தாவது எண்ணிக்கையிலேயே வில் தீர்ந்துபோயிருக்கும், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லோரும் வில்லைக் கொட்டிச் செலவழித்துவிடுகிறோம். வில்லின் எடை 60 கிராம் அளவுதான், ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தந்தி மேல் இறங்காது. கைப்பிடிப் பக்கம் பாரம் அதிகம், அங்கே சுண்டு விரல் மேலிருந்து அழுத்தி எடையைத் தாங்க வேண்டும். நுனியில் பாரமே இல்லை, அங்கே ஆள்காட்டி விரல் எடை தர வேண்டும். இந்தக் கைமாற்றம் நடு வில்லில் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். கட்டை விரல் விறைத்து நேராக நின்றால் நடக்காது, அது சற்று மடங்கியே இருக்கட்டும். தினம் பத்து நிமிடம் இது மட்டும் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று, நான்கு வாரத்தில் மாற்றம் கேட்கும் என்று தயங்காமல் சொல்லக்கூடிய பயிற்சி இது ஒன்றுதான்.

சுருதியையும் கவனியுங்கள். கடையில் விற்கும் சாதாரணத் தந்தித் தொகுதியை 5 கட்டைக்கு (ஸ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவு கட்டை) ஸ ப ஸ ப என்று கூட்டினால், தடித்த இரண்டு தந்திகளும் தம் இயல்பான இடத்திலேயே நிற்கும். மெல்லிய இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்கும். அதுவே 2½ கட்டை என்றால் நான்கு அரைஸ்வரம் முதல் ஆறு அரைஸ்வரம் வரை எல்லாமே தொய்ந்துவிடும். தொய்ந்த தந்தியில் வில்லை அழுத்தினால் சுருதி பிசகும், கரகரக்கும். விரலை அழுத்தினால் சுருதி மேலே ஏறும். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம். உங்கள் குரு வைத்திருக்கும் சுருதியை நீங்களாக மாற்ற வேண்டாம். கீழ்ச்சுருதிதான் என்றால், அதற்கேற்ற தடிமனான தந்தி போடலாமா என்று அவரிடம் கேளுங்கள்.

இனி இடது கை. ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பது வயலினுக்கு ஒரு வசதி. ஸ தந்தியில் ரி, க, ம எங்கே விழுகின்றனவோ, ப தந்தியில் த, நி, மேல் ஸ அதே இடங்களில் விழும். ஒரே அச்சு, இரண்டு தந்தி. முழு அளவு வயலினில் மேல் முனையில் இருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 32.5 முதல் 33 செ.மீ. அந்தக் கணக்கில் ரி மேல் முனையில் இருந்து சுமார் 2 செ.மீ., க சுமார் 6.5 செ.மீ., ம சுமார் 8.2 செ.மீ. தந்தியின் சரிபாதியில், 16.4 செ.மீ. அருகே, மேல் ஸ்தாயி ஸ. இந்த எண்கள் அளந்து ஒட்டுவதற்கு அல்ல. ரி-க இடைவெளி நாலரை செ.மீ., க-ம ஒன்றரையில் இருந்து 1.7 செ.மீ. என்பதைப் பாருங்கள். ஆரம்ப மாணவர்கள் எல்லோரும் செய்வது, ரியை மேலே தள்ளி, கவை எட்டாமல் கீழே வைத்து, மவைத் தள்ளி வைப்பது. மூன்று விரலையும் சம தூரத்தில் பரப்பிவைக்கத்தான் கை விரும்பும், ராகம் அப்படி இல்லை. ஆள்காட்டி விரலைப் பின்னால் இழுத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் கிட்டத்தட்ட ஒட்டி வைத்தால்தான் அந்த அச்சு கையில் விழும். மவில் இருந்து இறங்கும்போது க தானாகக் கீழே நழுவும். அவரோகணத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், பிழை பெரும்பாலும் அங்கேதான்.

இடம் சரியா என்று வயலினே சொல்லும். ஒரு விரல் நக அளவு காகிதத் துண்டை ஆங்கில வி எழுத்தைப் போல மடித்து இரண்டாம் தந்தியின், அதாவது மத்திய ஸ்தாயி ஸ தந்தியின், நடுவில் சவாரி ஏற்றுங்கள். இப்போது மூன்றாம் தந்தியில், மந்தர ப தந்தியில், மோதிர விரலால் ஸ வாசியுங்கள். இரண்டும் ஒரே ஸ. விரல் மிகச் சரியான இடத்தில் இருந்தால், நீங்கள் தொடாத இரண்டாம் தந்தி தானாக அதிர்ந்து காகிதம் துடிக்கும், சில நேரம் கீழேயே விழுந்துவிடும். ஒரு மயிரிழை தள்ளினால் அசையாது. இரண்டாம் தந்தியில் சுண்டு விரலால் ப வைத்து முதல் தந்தியில் காகிதத்தைப் போட்டும் இதைச் செய்யலாம். முதல் தந்தியில் மேல் ஸ வாசிக்கும்போதும் இரண்டாம் தந்தி துணைக்கு ஒலிக்கும், ஆனால் அப்போது நடுவில் வைத்த காகிதம் ஆடாது. மேல் ஸ்தாயியில் அந்தத் தந்தி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்வதால் நடு இடம் அசையாமல் நிற்கும். கால் பங்கு தூரத்தில் வையுங்கள். நாலைந்து நாள் காகிதத்தோடு செய்தால், பிறகு காகிதம் இல்லாமலே அந்த ஒலி விரிவதைக் காது பிடித்துக்கொள்ளும்.

இதனால்தான் கோடு ஒட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. தவறு என்று சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் ஒட்டிக்கொடுக்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மாணவர்களும் நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் பெரியவர்கள் ஒட்டினால் எடுப்பதில்லை. கண் கோட்டில் இருக்கும், காது ஓய்வெடுத்துவிடும். குதிரை ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கோடு பொய் சொல்லும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் கவுக்கு மட்டும் மெல்லிய ஒரு கோடு ஒட்டி, ஆறு வாரத்தில் உரித்துவிடுங்கள். போனில் இருக்கும் ட்யூனரை ஸ கூட்ட மட்டும் பயன்படுத்துங்கள். அந்தச் செயலிகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் கணக்கில் ஓடுபவை. தம்புராவோடு இழையும் இயற்கையான அந்தர காந்தாரம், அதாவது நீங்கள் வாசிக்கும் க, அந்தக் கணக்குக்கு 14 சென்ட் கீழே நிற்கும், அதாவது அரைஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. நீங்கள் காதால் சரியாக வைத்த கவை அது தப்பு என்று காட்டும். ஆனால் மேடையில் வாசிப்பவர்கள் எப்போதும் அந்த இயற்கையான விகிதத்தில்தான் நிற்கிறார்களா என்பது தனி விவாதம். ராகத்துக்கு ராகம், காதுக்குக் காது அது மாறுகிறது. ஆரம்பத்தில் தம்புராவோடு அதிர்வடிக்காமல் நிற்பதே போதுமான அளவுகோல்.

காதை வளர்க்க வாயைத் திறக்க வேண்டும். வாசிப்பதற்கு முன் அந்த வரிசையைத் தாளம் போட்டு ஒரு முறை பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாட முடியாத ஸ்வரத்தை விரல் தேடிக் கண்டுபிடிக்காது. நம் வயலின் பாட்டைப் பின்தொடர்ந்து வளர்ந்த வாத்தியம், அதனால் வயலினை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அரியக்குடி இருக்கிறது. ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பாடிய பதிவுகளில் ஸ்வரம் எவ்வளவு நேராக, அலட்டல் இல்லாமல் வந்து விழுகிறது என்று கேளுங்கள். வில்லை எங்கே திருப்ப வேண்டும் என்பது சாகித்தியத்தில் இருந்தே புரியும். இன்னொரு பக்கம் குன்றக்குடி. வயலின் வித்வான் வைத்தியநாதன் (1935–2008) பிறந்த மண் என்பதால் இந்த வட்டாரத்தில் வயலின் எடுப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வேகமும் அந்த வில் வீச்சும் கனவில் வரும். கேட்டு ரசியுங்கள், தப்பே இல்லை. ஆனால் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக உட்கார்ந்து தேறிய பிறகு வந்த வீச்சு அது. அலங்காரத்தில் இருப்பவர் அதன் மேற்பரப்பை மட்டும் பிடித்தால் கையில் மிஞ்சுவது கீச்சு.

இப்போது மணிக்கணக்கு. ஒரே நாளில் மூன்று மணி நேரம் என்பதைவிட அதே நேரத்தை ஆறு நாளுக்குப் பிரிப்பது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. கை கற்றதை உடம்பு இடைவேளையில்தான், முக்கியமாகத் தூக்கத்தில், உறுதிப்படுத்திக்கொள்கிறது. ஆறு நாள் இடைவெளி விட்டால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஒரு மணி நேரம் போன வாரத்தை மீட்பதிலேயே போகும். மூன்றாவது மணி நேரத்தில் தோள் களைத்து, காது சோர்ந்து, பிழையைத் திரும்பத் திரும்பச் செய்து அதையே பதிய வைப்பீர்கள். தினம் 40 நிமிடம் போதும், முடியாத நாளில் 15. அந்த 15 நிமிடத்தில் நீண்ட வில்லும் ஒரு வரிசையும் மட்டும். நாற்பது நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றையே ஊன்றிச் செய்வதா, இரண்டு மூன்றை மாற்றி மாற்றிச் செய்வதா என்பதில் ஆரம்ப மாணவர்களுக்கு எது மேல் என்று அறுதியாகச் சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிவருவது இது: சுருதி சேர்த்து ஸ, ப மட்டும் கேட்டுப் பாட 5 நிமிடம், வெறும் தந்தியில் வில்லுக்கு 10, வரிசைக்கு 12, இந்த வாரப் பாடத்தில் இடறும் இடத்துக்கு 10, கடைசி 3 நிமிடம் பிடித்ததை வாசிக்க. அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை வெட்டாதீர்கள், மறுநாள் பெட்டியைத் திறக்க வைப்பது அதுதான்.

வரிசை வாசிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, மூன்றாம் காலத்தின் மேல் மோகம். நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் முதல் காலத்தில் 60 ஸ்வரம், மூன்றாம் காலத்தில் 240. முதல் காலத்தில் தப்பி விழும் க, மூன்றாம் காலத்தில் மறைந்துபோகும், திருந்தாது. தட்டை 40-க்கு இறக்கி, மூன்று காலமும் அதிலேயே செய்யுங்கள். தொடர்ந்து மூன்று முறை பிசகில்லாமல் வந்தால் 44, பிறகு 48. இரண்டு முறை சரியாக வந்து மூன்றாவது முறை விழுந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் இருந்து. இடறினால் ஆரம்பத்தில் இருந்து திரும்ப வாசிக்காதீர்கள். வரி முழுக்கச் சரியாகத்தான் இருக்கும், தந்தி மாறும் ம-ப இடம் மட்டும் பிசகும். அந்த இரண்டு ஸ்வரத்தை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று சேர்த்து நாலு ஸ்வரமாக எடுத்து, இருபது முறை மெதுவாக வாசியுங்கள். முதலில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில், பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று ஒரு வில்லில் சேருங்கள். ஜண்டையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வேண்டும். சிலர் அதை வில்லை வெட்டிக் காட்டுவார்கள், சிலர் ஒரே வில்லில் விரலைத் தட்டிக் காட்டுவார்கள். பாணியைப் பொறுத்தது அது, உங்கள் குரு சொல்வதே சரி.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, எப்போது என்பதிலும் ஆசிரியர்கள் ஒன்றுபடுவதில்லை. வரிசையிலேயே சேர்த்துத் தருபவர்கள் உண்டு, வர்ணம் வரை நேர் ஸ்வரமாகவே வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டு வழியிலும் நல்ல வித்வான்கள் வந்திருக்கிறார்கள். நிற்கத் தெரியாத ஸ்வரத்தை அசைத்து மூடிவிடலாம் என்பதுதான் ஆபத்து. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது என்றால், அந்த இரண்டு கரையும் காதுக்குத் தெரிந்தால்தான் ஊசல் தோடியாகும். இடம் தெரியாமல் நடுக்கினால் வெறும் நடுக்கம். விரலை எவ்வளவு அழுத்துவது என்று பார்க்க, வாசித்துக்கொண்டே அழுத்தத்தைக் குறையுங்கள். ஒலி மங்கும் இடம் வரும். அதற்கு ஒரு துளி மேலே போதும், அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் ஜாருவுக்கு, அதாவது ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போவதற்கு, தடை. விரல் வழுக்க நுனியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் வித்வான்களிடம் உண்டு. ஆனால் அது இடது கையோடு நிற்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வில்லின் முடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் ரோசின் பிடிக்காது, வில் வழுக்கும், அதிலிருந்தும் கீச்சு வரும்.

நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பழைய வீடு என்றால் வளவிலோ (உள் முற்றம்) பட்டாலையிலோ (கூடம்) உட்காரத்தான் ஆசை வரும். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். வெறும் ஸ-வே கச்சேரி மாதிரி கேட்கும், பிழைகள் எதிரொலியில் கரைந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் அங்கே வாசித்து மகிழுங்கள். மற்ற நாளில் துணி அலமாரியும் மெத்தையும் இருக்கும் சின்ன அறை. அங்கே ஒலி ஏமாற்றாது. வழவழப்பான தரையில் குதிகால் நழுவினால் வயலினும் சேர்ந்து நழுவும், ஜமக்காளம் விரித்து, இடுப்புக்கு அடியில் இரண்டு அங்குலம் மடித்த போர்வை வையுங்கள். சுருதிப்பெட்டியை அலறவிடாதீர்கள். உங்கள் வயலினைவிடக் கொஞ்சம் குறைவாக, காது உயரத்தில் இருந்தால் போதும். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியிருக்கும் நாட்களில் சுருதியோடு மல்லுக்கட்டாமல், தாளம் போட்டுப் பாடுவதோடு விட்டுவிடலாம்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. சித்திரை, வைகாசியில் காற்று வறண்டால் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும். நழுவினால் பிருடையில் துளி சாக்பீஸ், இறுகினால் துளி காய்ந்த சோப்பு. இழுத்து முறுக்காதீர்கள். பூட்டிய காரில் மதியம் வயலினை வைத்தால் பசை இளகி விளிம்பு விட்டுவிடும். இந்த ஊரில் மரவேலையில் கைதேர்ந்த ஆசாரிகளுக்குக் குறைவில்லை, ஆனாலும் விட்ட இடத்தை ஃபெவிகால் போட்டு ஒட்ட விடாதீர்கள். வயலினுக்குப் போடுவது விலங்குப் பசை, பின்னால் சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காகவே அது. வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்துங்கள். வாசிக்கும்போது நடு வில்லில் முடிக்கும் குச்சிக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் அளவு இருந்தால் போதும். தினம் நான்கைந்து இழுப்பு ரோசின் போதும், அதற்கு மேல் போட்டால் கரகரப்பு கூடும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை சாய்வதோடு உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியும் விழுந்துவிடலாம். அதை நிறுத்த மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும்.

வீடியோ வகுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. அழைப்புச் செயலிகள் நீண்டு நிற்கும் ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். நீங்கள் இழுக்கும் நீண்ட வில் குருவுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும், சுருதிப்பெட்டி கேட்கவே கேட்காது. இரைச்சல் நீக்கத்தை அணைத்து, ஒலியை மாற்றாமல் அனுப்பும் வசதி இருந்தால் போடுங்கள். அந்த வகுப்பைத் தாளம், பாடம், ஸ்வரம் சொல்லிப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்டு, நேர் வகுப்பில் முதல் பத்து நிமிடம் வலது கையை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதோடு வாரம் ஒரு முறை ஒரே வரிசையை ஒரு நிமிடம் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். நாளுக்கு நாள் மாற்றம் தெரியாது, இரண்டு மாதம் முந்தைய பதிவைக் கேட்டால் தெரியும்.

38 வயது தாமதமா என்று வெளிப்படையாகக் கேட்கவில்லை, வரிகளுக்கு நடுவே இருந்தது. வில்லும் காதும் எந்த வயதிலும் வளரும், அதில் ஐயமில்லை. சுண்டு விரல் நீளுவதும் வேக காலமும் பிள்ளைகளைவிட மெதுவாக வரும். எது வரை போகலாம் என்பதை எட்டு மாதத்தில் யாரும் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்ப வேண்டாம். விரலில் மரமரப்போ, மணிக்கட்டில் குத்தலோ, மறுநாளும் நீடிக்கும் தோள் வலியோ இருந்தால் வாசிப்பை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அதைச் சாதகத்தால் கடக்க நினைக்காதீர்கள்.

ஆச்சிக்கு ஒரு வழி உண்டு. குதிரை மேல் மாட்டும் ரப்பர் மியூட் கடையில் கிடைக்கும், சத்தம் பாதிக்குமேல் அடங்கிவிடும். இரவில் விரல் பயிற்சிக்கு அதைப் போடுங்கள். வில் பயிற்சிக்கு மட்டும் போடாதீர்கள், கீச்சையும் அது மறைத்துவிடும்.

புது வயலின் இப்போது வேண்டாம். முதலில் இருப்பதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விரல்பலகை முனையில் முதல் தந்தி சுமார் 3.5 மி.மீ., நான்காவது சுமார் 5.5 மி.மீ. உயரத்துக்கு மேல் நின்றால் குதிரையைச் செதுக்கிக் குறைக்க வேண்டும். மலிவான வயலின்களில் பெரும்பாலும் அது உயரமாகவே வரும், விரல் வெட்டுவதும் ஸ்வரம் ஏறுவதும் அதனால்தான். பிறகு நல்ல தந்தி, பிறகு வில்லுக்குப் புது முடி அல்லது வேறு வில். சுமாரான வயலினில் நல்ல வில் வாசித்துவிடும், நல்ல வயலினில் வளைந்த வில் வாசிக்காது. இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத் தோன்றினால் குருவை அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ஒரே வில்லால் இரண்டு மூன்று வயலினை வாசிக்கட்டும், நீங்கள் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேளுங்கள். விலையை அதற்குப் பிறகு விசாரித்தால் போதும்.